நீலம் வரும்வரை

கோபிப் பாலையின் விளிம்பில்
நூற்றிருபது மீட்டர் ஆழத்திலிருந்து
கல்லைக் கரைத்துக் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் ஏறி வருகிறது
தெளிந்த நீர்.

நெர்குய் அதை நம்புவதில்லை.
நெர்குய் என்றால் பெயரில்லாதவள்.
பிறந்ததெல்லாம் தங்காத வீட்டில்
சாவு அடையாளம் கண்டுகொள்ளாதிருக்க வைத்தது,
நம்மிடம் பிச்சையும் குப்பையும் இருப்பதுபோல.

குடுவையில் ஐம்பது மில்லி.
ஒரு சிட்டிகைச் சாயம்.
நீர் சிவக்கிறது,
பொய் பிடிபட்ட முகமாய்.
ப்யூரெட்டைத் திருகிச் சொட்டுச் சொட்டாய் விடுகிறாள்
நீலம் வரும்வரை.
எத்தனை சொட்டு கேட்கிறதோ
அத்தனை கல் உள்ளே.

முள்ளை முள்ளால் என்பார்களே.
சுண்ணாம்பு கரைந்த நீருக்குச்
சுண்ணாம்பையே கரைத்து ஊற்றுகிறாள்.
கலங்கி, அடங்கி,
தொட்டியடியில் வெள்ளைச் சேறாய் உட்கார்கிறது
மலையில் ஒரு பிடி.
அதற்கும் பணியாத கல்லைச் சலவைச் சோடா பணிய வைக்கும்.
நாக்கில் காரம் மிஞ்சாதிருக்கக் கரியமில வாயு.
கடைசியாகக் கொஞ்சம் குளோரின்.

ஆனால் சோடா மூட்டைகள்
புழுதிப்புயலில் எங்கோ நிற்கும் லாரியில்.
இன்று மூன்றாம் நாள்.

ஜன்னலுக்கு வெளியே கேன்களோடு இருபது பேர்.
ஒட்டகத்தோடு தஷ்ஸெவெக்.
“போன வருஷம்வரை இதைத்தானே குடித்தோம்?”
அவன் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்
தீப்பெட்டியில் இருக்கிறது.
பார்க்காதவர் ஊரில் இல்லை.
தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒட்டகத்துக்கு இந்தக் கவலையே கிடையாது.
போன வாரம் சுத்தமான தண்ணீரை முகர்ந்து
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
இன்று கிணற்றுத் தொட்டியில்
மடக் மடக்கென்று குடிக்கிறது.

நெர்குய் பலகையைத் துடைக்கிறாள்.
பாதிதான் முடிந்தது, எழுதுகிறாள்,
இன்றைய கணக்கு இவ்வளவு,
எடுப்பவர் தெரிந்து எடுக்கவும்.
எழுதும் சாக்பீஸும்
பணியாத அதே கல்தான்;
விரலில் மாவாய் உதிர்கிறது.

யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை.
இருவர் மட்டும்
கொண்டுவந்த இரண்டாவது கேனை
நிரப்பாமல் எடுத்துப் போனார்கள்.

நள்ளிரவில் லாரி.
கதவைத் திறந்ததும் கான்ஸுக் கேட்டது டீ.
அடியெல்லாம் வெள்ளை படிந்த கெட்டிலில்
மூன்று நாள் தண்ணீரைக் கொதிக்கவைத்து
பாலும் உப்பும் போட்டுத் தருகிறாள்.
மேலே மெல்லிய ஏடு மிதக்கிறது, பாலேடு அல்ல.

உறிஞ்சிவிட்டு
நன்றாகத்தானே இருக்கிறது என்கிறான்.

அவள் டார்ச் அடித்து
மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.