கர்தினால்

பின்னேரம் இரண்டரை.
கச்சான் காற்று டொக்யாட் வீதிப் புழுதியைக்
கடைக்குள் கொண்டுவந்து கொட்டும் நேரம்
கிளமன்றின் குரல் வரும்.
ஸ்காபுறோவில் அப்போது காலை ஐந்து.
பாண் லொறியில் ஏறுமுன் கதைப்பான்:
முழங்கால், வாடகை, மகளின் பல்லுக்குக் கம்பி.

அன்றைக்கு அவனுக்குப் பின்னால்
ஆரோ விசிலடித்தார்கள்.

சாட்டையைச் சுழற்றி இழுத்ததுபோல
மேலிருந்து கீழே மூன்று,
பிறகு கால் தவறி மிதித்த மெசினாய்
டிடுடிடுடிடு என்று ஓடி
நூல் அறுந்த இடத்தில் நின்றது.

"ஆரடா அது?"
"குருவி, அக்கா. கர்தினால்."

கர்தினால் என்றால் எனக்குச்
சிவப்புத் தொப்பி, மோதிரம், முத்தி செய்ய ஒரு வரிசை.
படம் அனுப்பினான், போன மாசியில் எடுத்தது.
பனி மூடிய வேலியில்
கறுப்பு முகமூடி போட்ட ஒரு மிளகாய்ப்பழம்.

நூற்கட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன்.
குங்குமம் கொஞ்சம் இருட்டு.
கலியாணச் சிவப்புக்குள் மஞ்சள் கலந்திருக்கிறது.
கடைசியில் கிடைத்தது,
இல்ல விளையாட்டுப் போட்டிக்கு
நாற்பது கொடி தைத்து மிஞ்சிய துண்டு.
படத்தின்மேல் வைத்தேன். அதே சிவப்பு.
ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
அதில் வாயை வைத்துப் பார்த்துவிட்டு
வாசலில் கிடந்த லொத்தர்ச் சீட்டைத் தின்றது.

ஒரு கிழமை கழித்து எழுதுகிறான்:
அக்கா, பிழையாய்ச் சொல்லிப்போட்டன்.
அன்றைக்குப் பாடினது சிவப்பன் இல்லை,
கூட்டிலிருந்த பெட்டை.
மண் நிறம். கொண்டையிலும் வாலிலும்
தெறித்ததுபோலக் கொஞ்சம் சிவப்பு.
இந்தச் சாதியில் அவளும் பாடுவாளாம்.
பன்னிரண்டு வருசம் கேட்டும்
எனக்கு இப்பதான் தெரியும்.

பதில் எழுத நேரமில்லை.
நிலாவெளி ஹோட்டல் ஒன்றுக்கு
அறுபது தலையணை உறை, சாக்கு நிறம்,
வெள்ளிக்கு முதல் வேணுமாம்.
போனை மெசினோடு சாய்த்துவைத்துப்
பதிவை அமத்திவிட்டு மிதித்தேன்:
ஒரு நீள ஓரம், ஒரு திருப்பம்,
ஊசி மேலே நிற்க ஒரு மூச்சு,
மறுபடி ஒரு நீள ஓரம்.
நடுவில் மீன்காரனின் கோர்ன் புகுந்தது.
அதையும் விட்டுவிட்டேன்.

அங்கே விடியும்போது கேட்டிருப்பான்.

"அக்கா, காத்துக்குள்ள
ஒரு குருவி விடாமல் கத்துது.
என்ன குருவி அது?"

இன்னும் சொல்லவில்லை.
பல்லில் ஊசி இருக்கிறது,
பொபினில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.