வராதவர் பட்டியல்

துரைப்பாக்கம், ஆறாவது மாடி, இரவு ஷிஃப்ட்.
ஐரோப்பாவின் மலிவு விமானம் ஒன்றுக்கு
டிக்கெட் எடுத்து எடுத்துப் பார்ப்பது என் வேலை.
பறப்பதற்கல்ல.
பொத்தான் அமுங்குகிறதா,
பணம் கழிகிறதா,
பை இல்லை என்றவரிடம்
‘நிஜமாகவே பை இல்லையா’ என்று
மூன்று முறை கேட்கிறதா என்று பார்க்க.

டிக்கெட் ஒன்பது யூரோ தொண்ணூற்றொன்பது.
பைக்கு இருபத்துநான்கு.
பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார எட்டு.
பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த நூற்றுப் பதினைந்து.
வடபழனியில் பெயர் ராசி பார்க்கிறவர்கூட
ஓர் எழுத்துக்கு அவ்வளவு கேட்கமாட்டார்.

மிலான் என்று விற்று பெர்காமோவில் இறக்குவார்கள்.
பிரஸ்ஸல்ஸ் என்றால் சார்லராய்.
சென்னை என்று ஏற்றிக்கொண்டு
கிளாம்பாக்கத்தில் ‘எல்லாம் எறங்கு’ என்கிற பஸ்ஸில்
ஊரிலிருந்து திரும்புகிறவள் நான்.
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சோதனைக்குப் பயணிகள் வேண்டும்.
டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று எழுதி அலுத்த
ஒரு மார்கழியில்
தெரிந்தவர்களை ஏற்ற ஆரம்பித்தேன்.
கேட் செக்யூரிட்டி பிரபஞ்ச மாலிக்கை
க்ராகோவுக்கு, சனி ஞாயிறு, போகவர.
பக்கத்து நாற்காலி ரெஹானாவை
போர்ட்டோவுக்கு, கைக்குழந்தையோடு.
அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை,
எனக்குக் கைக்குழந்தைக் கட்டணம் பார்க்க வேண்டியிருந்தது.
ஹவுஸ் ஓனரை
வில்னியஸுக்கு, பிப்ரவரி பனியில், ஒருவழி.
விடிகாலை நாலு மணிக்கு
எல்லோரையும் ரத்து செய்துவிட்டு
டீ குடிக்கக் கீழே இறங்குவேன்.

டீ, இருசம்மாளிடம்.
டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிய கேன், நாலு முறுக்கு டப்பா.
அவளுக்கும் ஒரு நாள் போட்டேன்.
குடும்பப் பெயர் கட்டாயம் என்றது படிவம்.
இனிஷியலைப் போட்டேன்.
ஓர் எழுத்து செல்லாது என்றது.
குறை என்று எழுதி அனுப்பினேன்.
‘எங்கள் பயணிகளுக்கு இது நேராது’ என்று மூடிவிட்டார்கள்.
ஆகவே இருசம்மாள் இருசம்மாள்,
பெர்காமோவிலிருந்து பாரி,
காலை ஆறு இருபது,
பை இல்லை, இல்லை, நிஜமாகவே இல்லை.

நாலு மணிக்கு ரத்து செய்யப் போனால்
ஆளைக் காணோம்.
தூக்கக் கலக்கத்தில்
நிஜத் தளத்தில் ஏற்றியிருக்கிறேன்,
கம்பெனி கார்டில், நிஜப் பணத்தில்.
ரத்து செய்தாலும் காசு திரும்பாது என்ற வாசகத்தை
அது சரியாகத் தெரிகிறதா என்று
நானே சோதித்து ‘சரி’ போட்டிருந்தேன்.

நம் நேரம் பத்து ஐம்பது.
பெரும்பாக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.
இருக்கை இருபத்திரண்டு எஃப், ஜன்னல்.
தானாக விழுந்தது, கேட்டிருந்தால் பதினொரு யூரோ.
கதவைச் சாத்தியிருப்பார்கள்.
மாலையில் திறந்து பார்த்தேன்,
பெயருக்கு நேரே ஒரு சொல்:
வரவில்லை.
ஏதோ அழைத்து அவள் மறுத்ததுபோல.

வரதன் சார் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.
ஆயிரத்துச் சொச்சம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘பிளேன்லயா? எங்க?’
‘பாரி.’
‘பாரிமுனைக்கு எதுக்கும்மா பிளேனு,
நூத்திரெண்டுல ஏறுனா
லேடீஸுக்கு ஃப்ரீதான?’

இது வேறு பாரி, இத்தாலியில் என்றேன்.
கடல் இருக்கா என்றாள். இருக்கிறது.
டீ குடுப்பாங்களா என்றாள்.
மூன்று யூரோ, நம்ம காசுக்கு முந்நூறு.
சிரிக்கவில்லை. கேனைத் திறந்து
எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள்.

‘அந்த சீட்டுல யாராச்சும் குந்துனாங்களா?’
தெரியாது என்றேன்.
‘காலியா வுட்டிருக்க மாட்டாங்க.
பையாச்சும் வெச்சிருப்பாங்க.’

அப்புறம் பத்து ரூபாய் கேட்டாள்,
முந்தாநாள் பாக்கி.