பத்துக் கால்

மேடம் என்றுதான் ஆரம்பிக்கிறாள்.
எல்லோரும் அப்படித்தான்.
குரோஷா ஊசிக்குப் பின்னால்
மீசை இருக்குமென்று யாருக்கும் தோன்றுவதில்லை.
நானும் திருத்துவதில்லை.

"மேடம், நண்டு இன்னும் வரவில்லை."
நண்டு வராது அம்மா,
நண்டு போடும் விதம்தான் வரும்,
ஐந்து பக்கம், பிடிஎஃப், நூற்று இருபது ரூபாய் என்று
மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்,
மூன்றாவது இடத்தில் சிவப்பில்.

அது செவ்வாய்க்கிழமை.
வியாழக்கிழமை நூல் வாங்கிவிட்டாள்.
சனிக்கிழமை இரவு, சிப்காட்டில் மூன்றாவது ஷிப்ட்,
கொதிகலனின் முள் பச்சைக்குள் நிற்கிறதா என்று
மணிக்கொருமுறை குறித்துவைக்கும் நோட்டின் மேல்
போன் அதிர்கிறது:
"படத்தில் எட்டுக் கால். உங்கள் கணக்கில் பத்து.
ஏமாற்று வேலை. காசைத் திருப்புங்கள்."
கூடவே ஒரு நட்சத்திரம்.
மற்ற நான்கையும்
மடிப்பாக்கம் மிருணாளினி
தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

கொடுக்கும் கால்தான் என்று அடித்தேன், அழித்தேன்.
உங்கள் வீட்டில் நண்டே வாங்கியதில்லையா என்று அடித்து
அதை மட்டும் இரண்டு முறை ரசித்துப் படித்துவிட்டு அழித்தேன்.
மாய வளையத்தில் ஆறு,
அடுத்த சுற்றில் பன்னிரண்டு,
அதற்கடுத்துப் பதினெட்டு.
இந்தக் கணக்கில் பொய்க்கு இடமே கிடையாது என்று
அவளுக்கு எப்படிச் சொல்ல?
மூன்று மணிக்கு முள்ளைப் பார்க்க மறந்துபோனேன்.
நாலு மணிக்கு இரண்டையும் சேர்த்தே எழுதினேன்.
மூன்றுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று
நானே ஓர் எண் போட்டேன்.

விடிந்ததும் வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல்
முதுநகர்த் துறைமுகத்துக்கு விட்டேன்.
அஞ்சலாட்சியின் ஈரச் சாக்குக்கு அடியில் நீலக்கால் நண்டு.
எனக்கு முன்னால் ஒருவர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேரம் பேசுகிறார்.
"இதுக்கு ஒரு கால் இல்லியே."
"கொழம்புல நடக்கவா போவுது?"
"கொறச்சுப் போடு."
அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
கூடையடியில் தனியாய்க் கிடந்த கால் ஒன்றை எடுத்து
அவர் பைக்குள் எறிந்தாள்.
"இப்ப சரியாப் போச்சா?"
பையைத் திறந்து எண்ணினார்.
உண்மையாகவே எண்ணினார்.
இன்னொன்று கேட்டார்.
கொடுத்தாள்.

"ஒனக்கு?"
"நண்டுக்கு மொத்தம் எத்தினி காலு?"
"வாங்க வந்தியா, பள்ளிக்கூடம் நடத்த வந்தியா?"
அரைக் கிலோ, முந்நூறு ரூபாய்.
நூற்று இருபது ரூபாய் வழக்குக்கு.

வீட்டில் தட்டில் கவிழ்த்து எண்ணினேன்.
நடக்க ஆறு, துடுப்பாய் இரண்டு, பிடிக்க இரண்டு.
பத்து!
படமெடுத்தேன். அம்புக்குறிகள் போட்டேன்.
அனுப்பும் முன்
என் ஐந்து பக்கத்தையும் ஒருமுறை திறந்தேன்.

நாலாம் பக்கம்: கால், எட்டு செய்க.
ஐந்தாம் பக்கம்: பத்துக் கால்களையும் உடலோடு தைக்க.
கொடுக்கு?
கொடுக்கு போடும் விதம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதுவரை இருநூற்றுப் பதினொரு பேர் வாங்கியிருக்கிறார்கள்.
அருமை, அழகு, குழந்தைக்கு ரொம்பப் பிடித்தது,
ஐந்துக்கு ஐந்து.
பிடிக்கக் கையில்லாத நண்டுகள்
எந்தெந்த ஊர்த் தொட்டில்களிலோ தொங்க,
ஒருவர்கூடக் கேட்கவில்லை.
இவள் ஒருத்திதான் போட்டுப் பார்த்திருக்கிறாள்.
அல்லது இவள் ஒருத்திதான் எண்ணியிருக்கிறாள்.

பணத்தைத் திருப்பினேன்.
கொடுக்குக்கென ஆறாம் பக்கம் எழுதி
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினேன்.
தவறு என்னுடையது என்ற வரியை எழுத
அந்தப் பக்கத்தை எழுதியதைவிட நேரம் பிடித்தது.
அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல்.
நட்சத்திரம் ஒன்றாகவே நின்றது.

ஒன்பதாம் நாள் இரவு ஒரு படம்.
ஆரஞ்சு நண்டு.
ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சிறிது,
பெரியதைத் தலைகீழாய்த் தைத்திருந்தாள்.
"மேடம், ஆமை இருக்கா?
கால் எத்தனை என்று
முதலிலேயே சொல்லிவிடுங்கள்."

நாலு என்று அடித்தேன்.
அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
எழுந்துபோய்
மூன்று மணியின் முள்ளைப் பார்த்தேன்.