ஆறப் பொறுத்தல்

பானெட்டில் கை வைத்தேன். சூடு.
"இப்பதான் கடைக்குப் போய் வந்தேன்" என்றார் க்ரெய்க்.
இன்வர்கார்கில், ஜூன் மாதம், காலை எட்டரை.
அவர் வீட்டுப் பாதை முழுக்க உறைபனி.
அதில் ஒரு டயர்த் தடம்கூட இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை.
பிளஃப் துறைமுகத்தில் சிப்பி உடைக்கிறவள் நான்,
டஜனுக்கு இவ்வளவு என்று கூலி.
மூடிய ஓட்டோடு வாதாடிப் பயனில்லை.
கீல் எங்கே என்று விரலால் தடவி
கத்திமுனையை அங்கே வைத்து
கொஞ்சம் திருப்பினால் போதும்.

"ஆறட்டும். இருக்கிறேன்."

ஆக்கப் பொறுத்தாயிற்று: மூன்று பருவம்,
இடது உள்ளங்கையில் இரண்டு தையல்,
எண்ணி மாளாத டஜன்கள்.
ஆறப் பொறுக்க எனக்கென்ன?

சமையலறையில் உட்கார வைத்தார்.
அவர் மனைவி மெரியானா டீ போட்டாள்,
என் விரல்களை ஒருமுறை பார்த்தாள்,
பிஸ்கட் டப்பாவை முழுசாகத் திறந்து வைத்தாள்.

முதல் மணி நேரம் கார் புராணம்.
சுபாரு லெகசி, இரண்டாயிரத்து ஒன்று,
இரட்டை டர்போ, நகோயா ஏலத்தில் மதிப்பெண் நான்கு,
தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர்தான்,
ஓட்டியவர் ஒரு பல் மருத்துவர்.
(ஜப்பானிலிருந்து இறங்கும் எல்லாக் காரையும்
பல் மருத்துவர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள்.)
இரண்டாவது மணியில் ரக்பி, ஆட்டு விலை,
மாமியாரின் முழங்கால்.
மூன்றாவதில் பேச்சு வற்றியது.
கடிகாரம் மட்டும் ஓடியது.
"குளிர்ல கொஞ்சம் புகை விடும்" என்றார்,
யாரும் கேட்காமலே.

வெளியே போனோம். பானெட் இப்போது
மீன் பெட்டி போல ஜில்லென்று இருந்தது.
ஓட்டுநர் கதவைத் திறந்தபோது
நிலைப்பக்கத்தில் ஒரு பழைய ஸ்டிக்கர்,
ஏதோ ஊர் மெக்கானிக் ஒட்டியது.
எழுத்து எனக்கு விளங்காது.
எண்ணுக்கு என்ன பாஷை?
அடுத்த ஆயில் மாற்றம்:
ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.

க்ரெய்க் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.
ஆறு வருடமாகத் தினமும்
அந்தக் கதவைத்தான் திறந்து மூடியிருக்கிறார்.
காது மடல் சிவந்துவிட்டது.
அவரையும் யாரோ ஒருவர்
சூடான எஞ்சினோடுதான் வரவேற்றிருக்க வேண்டும்.

சாவியைத் திருப்பினேன்.
ஊதா கலந்த புகை ஒரு வாய். ஒரு இருமல்.
பிறகு அந்தத் தடதடப்பு,
நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ
நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி.
டேஷ்போர்டிலிருந்து ஒரு பெண்
ஜப்பானிய மொழியில் மிகவும் பணிவாக எதையோ சொன்னாள்.
"மார்னிங், லவ்" என்றார் க்ரெய்க், பழக்கத்தில்.
உடனே திரும்பிக்கொண்டு
வேலிப்பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் நடந்தார்.

ஆறாயிரத்து ஐநூறு என்றது நாலாயிரத்து எண்ணூறானது.
பேரம்கூட இல்லை. அவரே குறைத்தார்.
நான் இன்னும் இருநூறு குறைத்திருக்கலாம்.
மெரியானா ஜன்னலில் நின்றாள். குறைக்கவில்லை.

பிளஃப் சாலையில் காற்று பக்கவாட்டில் அடித்தது.
முதல் டர்போ இழுக்கும். சரியாக நாலாயிரம் சுற்றில்
எல்லாம் விட்டுப்போகும்.
ஒரு பள்ளம். கால் அழுத்தியபடி இருக்க
கார் எதையோ மறந்துவிட்டதுபோல் நிற்கும்.
தெரியாதவர்கள் அங்கேதான் காலை எடுப்பார்கள்.
நான் எடுக்கவில்லை.
ஒன்று... ஒன்றரை...
இரண்டாவது டர்போ விழித்தது.
முதுகை இருக்கை வாங்கிக்கொண்டது.
செம்மறிகள், வேலி, உலோக நிறக் கடல்
எல்லாம் ஒரே கோடாயின.
வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணாடியில் அப்போதும்
மெல்லிய ஊதாப் புகை.

திங்கட்கிழமை சிஹாருவிடம் கேட்டேன்,
எங்கள் மேசைக்கு இந்தப் பருவம் வந்த ஒசாகாப் பெண்.
காரில் உட்கார்ந்து காது கொடுத்தாள்.
"சுங்கச்சாவடி கார்டு செருகப்படவில்லை. அவ்வளவுதான்."

இந்தப் பக்கம் சுங்கச்சாவடியே கிடையாது.
அதிகாலை ஐந்து மணிக்கு, புகை அடங்கும்வரை காத்திருக்கையில்
அவள் மறுபடி சொல்கிறாள்.
மார்னிங், லவ் என்கிறேன்.