சூட்டு எழுத்து

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது ஓவியத்துக்காக அல்ல,
மழைக்காக.
தக்குவாரெம்போவில் ஜூலை மழை எலும்பைத் தேடி வரும்,
என் லாரியின் வைப்பர் வேறு உடைந்திருந்தது.

நான் கால்நடை ஆய்வாளர்.
இருபத்திரண்டு வருஷமாக மாட்டின் தொடையைப் படித்துச்
சம்பளம் வாங்குகிறேன்.
முகம் பார்த்து ஆளைச் சொல்வார்கள் மற்றவர்கள்,
சூடு பார்த்துச் சொந்தக்காரனைச் சொல்வேன் நான்.

எலெயுத்தேரியோ பிதார்த்,
சூட்டுக்குறிப் பதிவு அலுவலகக் குமாஸ்தா.
பதினோரு படங்கள். பதினொன்றிலும் மாடுகள்.
ஆற்றில் இறங்கும் மாடுகள், ரயிலுக்குக் காத்திருக்கும் மாடுகள்,
ஒன்றுமே செய்யாமல் நனையும் மாடுகள்.

"தொடையில் இருப்பது அலங்காரம்" என்றாள் காப்பாளர் ஒதிலா,
மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே.
அலங்காரமா?
அரைநிலவில் கொக்கி. தலைகீழ் ஏணி. காது ஒடிந்த பானை.
மாவட்டத்தில் எந்தப் பண்ணைக்கும் இல்லாத சூடுகள்.
திருட்டு மாட்டைக் கண்டதுபோல்
உள்ளங்கை அரித்தது எனக்கு.

மூன்று வாரம் பழைய பேரேடுகளில் கிடந்தேன்.
கிடைத்தது, ஏற்றுக்கொண்டவற்றின் பேரேட்டில் அல்ல,
சிவப்பு முத்திரை குத்தித் தள்ளியவற்றில்:
"வேறொருவர் குறியைப் போலிருக்கிறது. மறுக்கப்பட்டது."
கீழே அவன் கையெழுத்து, சின்னதாக, மன்னிப்புக் கேட்பதுபோல.
ஏணி, இரண்டு பசு வைத்திருந்த ஒருவனுடையது.
அரைநிலவு செவெரா என்ற விதவையுடையது.
பானை யாருடையதென்று தெரியவில்லை,
அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

எழுத்து கிடைத்துவிட்டது, ஓசைதான் கிடைக்கவில்லை.
மந்தைக்கு முன்னே போகும் மாட்டிலிருந்து படிக்க வேண்டும்
என்று புரியவே ஒரு மாதம்.
இடப்பக்கம் நடந்தால் இடமிருந்து, வலப்பக்கமென்றால் வலமிருந்து,
உழவுமாடு சால் திரும்புவதுபோல வரி திரும்புகிறது.

பிறகு அந்த ஆறு மாடுகள்.
முதல் இரண்டுக்கும் ஒரே சூடு.
நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் ஒரே சூடு.
எந்தச் சொல் இரட்டை எழுத்தோடு தொடங்கும்?
லாரிக்குள் உட்கார்ந்து யோசித்தேன்.
கூரைமேல் தட்டித் தட்டி அதுவே சொல்லிக்கொண்டிருந்தது.
எங்கள் ஸ்பானிய மொழியில் மழை பெய்வது
இரட்டை எழுத்தில்தான் தொடங்குகிறது.

அதன்பின் மாடுகள் வாய் திறந்தன.

மழை பெய்கிறது.
பெஞ்சின் கால் இன்னும் சரிசெய்யப்படவில்லை.
லார்ரோசா என் ரொட்டியைத் தின்றுவிட்டார், மறுபடியும்.
இன்று ஒன்பது பேரை மறுத்தேன். ஒருவன் அழுதான்.
கடைவாய்ப் பல்.

"காதல் இருக்கிறதா? அரசியல்?" ஒதிலா கேட்டாள்.
தலைநகரிலிருந்து யாரையோ வரவழைக்க ஆசை அவளுக்கு.
"பல்வலி இருக்கிறது" என்றேன்.

வெடிகுண்டை மறைப்பதுபோல்
ஒருவன் தன் பல்வலியை மறைத்திருக்கிறான்.
எனக்கு அது சிரிப்பாக இல்லை.
நானும் அலுவலகத்தில் பேசாதவள்தான்.

ஏழாவது படத்தில் ஒரு கன்றுக்குட்டி,
சூடே இல்லை.
சூடு போடாத கன்றை எங்கள் பக்கம் ஒரெஹானோ என்போம்,
பிடித்தவனுக்குச் சொந்தம்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விட்ட இடமென்று
முதலில் குறித்தேன், பிறகு அடித்தேன்.
இப்போது பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

கடைசிப் படத்தில் மாடுகள் முதுகைக் காட்டிப் போகின்றன.
பனி. சேறு. பாதிச் சூடுகள் மங்கல்.
ஏணி போட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து,
ஒவ்வொரு தொடையாக:

யாராக இருந்தாலும்,
போகும்போது படலைச் சாத்திவிட்டுப் போ.

மேய்ச்சல் நாட்டில் எல்லாரும் சொல்வதுதான்,
பலகையில் எழுதி வேலியில் தொங்கவிடுவதுதான்.
ஏணியிலிருந்து இறங்க நேரமானது எனக்கு.

பத்துப் படத்தின் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.
பதினொன்றாவதுக்கு, "சேறு மறைக்கிறது, படிக்க இயலவில்லை."
ஒதிலா முத்திரை குத்தினாள்.
நீலம்.