மூன்று மீட்டர்

திரியெஸ்தெ துறைமுகத்தை இன்று போரா காற்று மூடிவிட்டது.
கிரேன்கள் கைகட்டி நிற்கின்றன.
ஓட்டுநர்களில் ஒருவன் இங்கே,
குன்றின்மேல் மருத்துவமனையில்,
என் முழங்கை எட்டும் தூரத்தில் உறங்குகிறான்:
துயிலியோ பெர்டோட், முப்பத்து நான்கு வயது,
வெரிகோசீல், இடப்பக்கம் மட்டும்.

நேற்று மாலை கட்டிலில் உட்கார்ந்து கேட்டான்:
"டாக்டர் எவ்வளவு தள்ளி இருப்பார்?"
மூன்று மீட்டர் என்றேன்.
சிரித்தான்.
"நான் நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து
முப்பது டன் பெட்டியைக் கப்பலில் இறக்குகிறேன்.
எடை கைக்குத் தெரியாது.
கயிறு நடுங்குகிறதா என்று பார்க்கணும், அவ்வளவுதான்."
பிறகு குரலைத் தாழ்த்தி:
"அவர் கைக்குத் தெரியுமா?"

தெரியாது என்று நான் சொல்லவில்லை.
நல்ல கண் அவருக்கு என்றேன்.

நிவெஸ் கொசுத்தா காலணியைக் கழற்றிவிட்டு
வெறும் காலுறையோடு பெடல் மிதிக்கிறார்.
முகத்தைப் பெட்டிக்குள் கொடுத்துவிட்டால்
அவர் எங்களோடு இல்லை,
அவன் வயிற்றுக்குள் இருக்கிறார்.
நான்கு இரும்புக் கைகளும் அவருடையவை.
அவன்மேல் படும் மனிதக் கை என்னுடையது மட்டும்.

இடப்பக்கச் சிரை நெடுந்தூரம் ஏறி
சிறுநீரகச் சிரையில் செங்குத்தாய் முட்டுகிறது.
வழியில் கதவுகள் தளர்ந்துவிட்டன.
ஏறிய இரத்தம் திரும்பி இறங்கி
கப்பல்தட்டுக் கயிறுபோல் அடியில் சுருண்டு
விதையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது, ஆண்டுக்கணக்காய்.
அவனுக்கு வலிகூட இல்லை.
வீட்டில் ஓர் அறையில் மட்டும்
சாமான் அடுக்காமல் வைத்திருக்கிறார்கள்
அவனும் அலிதாவும்.

ஒரே உறைக்குள் ஆறேழு இழைகள்.
அவற்றில் ஒன்று தமனி.
அதை விட்டுவிடவேண்டும்;
அதன் பக்கத்தில் ஒண்டிய நிணநீர்க் குழாய்களையும்.
"அந்தத் தடித்தது," என்றார் நிவெஸ். "கிளிப்."
திறந்த தாடையை அதன் இருபுறமும் கொண்டுபோனேன்.
"நில் மிலிட்சா. பச்சை பார்த்துவிடுவோம்."

மயக்கமருந்துக்காரர் சான்சின் குப்பியை ஆட்டினார்.
தண்ணீரில் கரைந்த தூள், பாசி நிறம்.
கைநரம்பு வழியே உள்ளே போனது.
விளக்கு மாறியது. திரை கறுத்தது.
நான் செர்பிய மொழியில் எண்ணினேன்;
அவசரத்தில் இத்தாலியம் எனக்கு எண்களைத் தருவதில்லை.
இருபது.
இருபத்தைந்து.
முப்பது, ஒன்றுமில்லை.
சான்சின் அழுத்தமானியைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.
முப்பத்தெட்டில்
ஒரு துடிப்பு, அப்புறம் இன்னொன்று,
இருட்டுக்குள் பச்சை இறங்கி வந்தது
என் கிளிப்பின் தாடைக்குள்.

நான் கையை எடுக்கவில்லை.
அது தானாகவே வந்துவிட்டது.

மணிக்கட்டைத் திருப்பினால் தெரிகிற பச்சை நரம்பு
சிரைதான், எல்லோருக்கும்.
இங்கே பச்சை என்றால் தமனி.
நாங்கள் தேடிவந்தவை
பக்கத்தில் இன்னும் கறுப்பாக இருந்தன.

நிவெஸ் பெட்டியிலிருந்து முகத்தை எடுத்தார்.
நெற்றியில் மெத்தையின் தடம்.
தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை,
திரும்ப உள்ளே போனார்.

மூன்று சிரைகள், ஆறு கிளிப்புகள்.
ஒவ்வொன்றும் பூட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன 'டிக்'
என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.
அவருக்குத் தெரியாது. திரையில் பார்த்தார்.

மூன்று மணிக்குக் கண் திறந்தான்.
நாக்கு இன்னும் தடித்திருந்தது.
"கயிறு நடுங்கியதா?"
ஒரு தடவை, என்றேன்.
தலையை ஆட்டினான், தொழில்காரன்போல,
மறுபடி தூங்கிப்போனான்.

சில மாதங்கள் கழித்து ஒரு சிறு குப்பியில்
எண்ணிப் பார்ப்பார்கள்.
அந்தத் தாள் என் தளத்துக்கு வராது.

இரவு பஸ் ஓடவில்லை.
சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டே குன்று இறங்கினேன்;
கைச்சட்டை ஓரத்தில் ஒரு சொட்டுப் பச்சை,
எப்போது சிந்தியதோ.
காற்று சற்று விட்டிருந்தது போல.
கீழே ஒரே ஒரு கிரேனில் விளக்கு எரிந்தது,
அவனுடையதாகவும் இருக்கலாம்,
உள்ளே வேறு யாரோ.