ஆறு, நீளம் மூன்று

பயிற்சி இவ்வளவுதான்: ஒரு பத்தி எழுது,
அதில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறதென்று
லூப் போட்டுக் கண்டுபிடி.
ஆங்கிலத்தில் எழுத என்னிடம் விஷயமில்லை.
கோரிப்பாளையம் மருந்துக்கடையில் பத்து மணிவரை பில் போட்டுவிட்டு
சிம்மக்கல் மாடியறைக்கு வந்து
பழைய லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டினேன்:

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
ஆறுமுகம் அண்ணன் பாக்கி தரவில்லை.
ஆற்றில் எருமைகள் மேய்கின்றன.
ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
வாங்கி வைத்த டீ ஆறுகிறது.

தேட வேண்டிய சொல்: ஆறு.
ஜன்னலைத் திறந்தால் வைகை தெரிகிறது,
வேறென்ன சொல் தோன்றும்.

முதல் ஓட்டத்தில் ஐ-யைக் கூட்ட மறந்துவிட்டேன்.
பத்தியின் முதல் எழுத்தைவிட்டு நகரவில்லை.
பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுபோல்
ஆ, ஆ, ஆ என்றே இருந்தது.
ஃபேன் இரைந்தது. மடி சுட்டது.
பிளக்கைப் பிடுங்கினேன், அப்புறமும் பேட்டரியில் ஆ.

இரண்டாவது ஓட்டத்தில்
மூன்று சமக்குறி வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று.
ஒன்று போட்டால் கேள்வி இல்லையாம், உத்தரவாம்.
நீ ஆ-வா என்று கேட்பதற்குப் பதில்
நீ ஆ-தான் என்று சொல்லியிருக்கிறேன்.
புள்ளி, காலியிடம், எருமையின் ரு
எல்லாம் தலையாட்டிவிட்டன.
நூற்று அறுபத்தொரு ஆறுகள்
மதுரைக்கு.
இருக்கிற ஒன்றே அணையில் கேட்டுக்கொண்டுதான் வரும்.

சமக்குறியைத் திருத்தினேன்.
உள்ளே இன்னொரு லூப்:
ஆ கிடைத்த இடத்திலிருந்து எத்தனை எழுத்து ஒப்பிடுவது?
ஆ, று. விரல் மடக்கினேன். இரண்டு.
விடை ஐந்து.
ரெஜினா இருந்திருந்தால் எழுப்பிச் சொல்லியிருப்பேன்,
அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில் நைட் டியூட்டி.

பிடித்ததையெல்லாம் காட்டு என்றேன்.
கன்சோலில் வரிசையாக
ஆற
ஆற
ஆற
ஆற
ஆற
யாரோ புண்ணுக்கு ஊதிவிடுகிற மாதிரி.

சொல்லின் நீளத்தை அதனிடமே கேட்டேன். மூன்று என்றது.
ஒன்றாம் வகுப்புக் கட்டம் போட்ட நோட்டில்
ஒரே கட்டத்துக்குள் எழுதிய று
இங்கே ற தனி, அதன் உகரக் குறி தனி,
ஒரே வீட்டில் ரெண்டு ரேஷன் கார்டு.

சரி, இரண்டை மூன்றாக்கினேன்.
இப்போது விடையும் மூன்று:
ஆறு மணி, ஆறுமுகம், ஆறுகிற டீ.
எருமைகள் மேய்ந்த இடத்தைக் காணோம்.
பையன்களின் ஸ்டம்ப் நட்ட இடத்தைக் காணோம்.
அங்கெல்லாம் ற-வுக்குப் பின்னால்
ஒரு புள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறது.
பள்ளியில் ஏழாம் வேற்றுமைக்கு
இரண்டு மார்க் போனது எனக்கு,
இன்றைக்கு இரண்டு ஆறு.

முழுச்சொல் மட்டும்தான் வேண்டும் என்று
பின்னால் காலியிடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தேன்.
அண்ணனும் போனார், டீயும் போனது.
விடை ஒன்று.
கரண்ட் போன நேரம்.
நிரலில் இனி தப்பே இல்லை.

அந்த இரண்டு என்றிருந்த தப்பான வரியை அழிக்க மனம் வரவில்லை,
முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுத் தூங்கவைத்தேன்.
நானும் தூங்கியிருப்பேன்.

ஏழரைக்குக் கதவு தட்டினாள் ரெஜினா,
செருப்பு கையில், துப்பட்டாவில் கருவேல முள்.
"பாலத்துல ஒரே டிராஃபிக் புள்ள,
ஆத்துல எறங்கி வந்துட்டேன்."

ஆத்துல.
என் எந்த லூப்பிலும் இது மாட்டாது.
கண் சரியாகத் திறக்காமல்
அந்த ஒரு சொல்லைத் தட்டி நீளம் கேட்டேன்.
கன்சோலில் விழுந்தது 6.
அதற்குள் அவள் குளிக்கப் போய்விட்டாள்,
வாசலில் கொஞ்சம் மணல்.